ஊர் வரலாற்றை நடந்து சொல்ல: குமரி மாவட்டத்தில் ஒரு மரபு நடைவழி அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

நடந்துபோய் ஒன்றைப் பார்ப்பது குமரி மாவட்டத்துக்குப் பழகிய காரியம். சிவராத்திரிக்கு முன்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில்களை, கையில் விசிறியும் வாயில் ‘கோவிந்தா கோபாலா’வுமாக மக்கள் ஓடிக் கடக்கிறார்கள். நவராத்திரிக்குச் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை அம்மன் பல்லக்கில் பத்மநாபபுரம் போய், அங்கிருந்து சரஸ்வதியோடும் வேளிமலை முருகனோடும் திருவனந்தபுரம் வரை பயணம் போகிறாள். அதே சுசீந்திரத்தில் 1926-இல், கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்கலாம் என்ற ஓர் உரிமைக்காகச் சத்தியாகிரகமே நடந்திருக்கிறது.

அதனால் இங்கே மரபு நடைவழி அமைப்பவர்கள் பாதையை உண்டாக்க வேண்டியதில்லை, அது ஏற்கெனவே இருக்கிறது. எதை எந்த வரிசையில் பார்ப்பது, யார் சொல்வது, சொல்வது சரிதானா என்று உறுதிசெய்வது, அடுத்த பத்து வருடம் யார் பார்த்துக்கொள்வது ஆகிய நான்கும்தான் வேலை. பல ஊர்களில் முதல் கூட்டத்திலேயே பலகைக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் பலகை, அதாவது இடத்தின் செய்தியை வெட்டி நடும் கல், கடைசிக்குப் பக்கத்தில்தான் வரும். அதற்கான காரணமும் அங்கேயே விளங்கும்.

மாதிரிக்குச் சுசீந்திரம்–தேரூர் வழியை எடுத்துக்கொள்கிறோம். பத்மநாபபுரம்–தக்கலை, கோட்டாறு, குளச்சல், திருவட்டாறு என்று எந்த ஊருக்கும் படிகள் இவைதாம்.

1. வழியின் கதையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘எங்கள் ஊரின் சிறப்புகள்’ என்பது கதை ஆகாது. அந்தத் தலைப்பில் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதால், கடைசியில் நாற்பது இடங்கள் கொண்ட பட்டியல்தான் கையில் நிற்கும். எதை விட்டுவிடலாம் என்று காட்டிக்கொடுக்கும் வாக்கியமாக அது இருக்க வேண்டும். சுசீந்திரம்–தேரூருக்கு இப்படி எழுதலாம்: ‘தெருவில் நடக்கும் உரிமையும், குளத்து நீரும், அந்த நீரில் விளைந்த நெல்லும் இந்த ஊர்களை எப்படி உருவாக்கின?’

இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு இடங்களைச் சலியுங்கள். தெப்பக்குளம் நிற்கும், ரத வீதிகள் நிற்கும், பழையாறு, சானல் (பாசனக் கால்வாய்), மடை (நீர் திறந்துவிடும் வாய்), குளக்கரை எல்லாம் நிற்கும். தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பாட்டு எழுதியதோடு நிற்காமல் கல்வெட்டுகளையும் ஓலைகளையும் தேடிப் படித்தவர் என்பதால் அவரும் நிற்பார். வழியில் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்தக் கட்டடத்தையும் சேர்க்காதீர்கள்.

2. தூரமும் நேரமும்

ஒரு வழிக்கு 2.5 முதல் 3.5 கிலோமீட்டர் போதும். நிற்கும் இடங்கள் எட்டு, மிஞ்சினால் பத்து. இருபது பேர் சேர்ந்து நடந்தால் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகாது. ஆக மூன்று கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம். எட்டு இடத்தில் ஆறு நிமிடம் வீதம் 48 நிமிடம். தண்ணீருக்கும் கூட்டம் சேர்வதற்கும் பன்னிரண்டு நிமிடம். மொத்தம் இரண்டு மணி நேரம். இதற்கு மேல் இழுத்தால் கடைசி மூன்று இடங்களை யாரும் கேட்பதில்லை. நல்ல கதையைக் கடைசிக்கு வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய இழப்பு.

காலை 6.30-க்குத் தொடங்குங்கள். ஒன்பது மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். இங்கே தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே பெய்யும். டிசம்பர் பிற்பாதியிலிருந்து மார்ச் வரைதான் நம்பி நாள் குறிக்கலாம். குளத்துப் பறவைகளுக்கும் அதுவே நல்ல காலம். வயலைக் காட்டும் வழியானால் பூவையும் (நெல் போகத்தையும்) பாருங்கள்: பிப்ரவரி, மார்ச் வாக்கில் கும்பப்பூ அறுவடை. அறுத்த பிறகு வந்தவரிடம் ‘இங்கே பச்சைப்பசேலென்று இருக்கும்’ என்று வாயால் சொல்ல வேண்டிவரும். சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழா நாட்களில் ரத வீதியில் நடை வைக்க முடியாது. தேரும் வடமும் கூட்டமும் தெருவை எடுத்துக்கொள்ளும்.

3. குழுவில் யார் யார்

ஏழு பேர் முதல் பதினொரு பேர் வரை. ஊர் முதலடி (ஊர்த் தலைவர்), பேரூராட்சி உறுப்பினர் ஒருவர், பள்ளி வரலாற்று ஆசிரியர், பாசன விவசாயி ஒருவர், மகளிர் குழுவிலிருந்து இருவர், வழியில் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எது இருந்தாலும் ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர். தேவாலயம் என்றால் பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டு அன்பியத்துக்காரர்களைக் (பங்கில் உள்ள சிறு குழுக்களின் ஆட்களை) கூப்பிடுங்கள், வேலைக்கு அவர்கள்தாம் வருவார்கள். பள்ளிவாசல் என்றால் ஜமாஅத் நிர்வாகம். கோயில் என்றால் ஸ்ரீகாரியத்தை (கோயில் நிர்வாகியை) முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

முக்கியமாக ஒன்று: வழி எந்தெந்தத் தெரு வழியாகப் போகிறதோ அந்தத் தெருக்காரர்கள் அனைவருக்கும் குழுவில் ஆள் இருக்க வேண்டும். ஒரே சமுதாயத்தார் கூடி எழுதிய வரலாற்றை அடுத்த தெரு ஏற்றுக்கொள்ளாது, ஏற்காமல் இருப்பதில் நியாயமும் உண்டு. கல் நட்ட ஆறாவது மாதம் அதன்மேல் தார் பூசப்பட்டிருந்தால், காரணம் பெரும்பாலும் இந்த முதல் கூட்டத்தில்தான் இருக்கும்.

4. செய்தி திரட்டுதல்

மொத்த வேலையில் பாதி நேரத்தை இதற்குக் கொடுங்கள். மூன்று மாதத்துக்குக் குறையக் கூடாது.

ஒவ்வொரு இடத்துக்கும் நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்கி, கிடைக்கும் செய்திகளை மூன்று கட்டமாகப் பிரித்து எழுதுங்கள். முதல் கட்டத்தில் கல்வெட்டு, அரசு ஆவணம், அச்சான நூல் ஆகியவற்றில் இருப்பது. இரண்டாவதில் பலர் தனித்தனியாக ஒரே மாதிரி சொல்வது. மூன்றாவதில் ஒருவர் மட்டும் சொல்வது. கல்லில் ஏறுவது முதல் கட்டம் மட்டுமே. இரண்டாம் கட்டத்தை நடையில் வாயால் சொல்லலாம், ‘ஊரில் இப்படிச் சொல்வார்கள்’ என்ற முன்னுரையோடு. மூன்றாவது நோட்டிலேயே இருக்கட்டும். இன்னொரு சாட்சி கிடைத்தால் மேலே ஏறும்.

அச்சில் தேட வேண்டியவை: தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட குமரி மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகள், திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை, 1906-இல் நாகமையா எழுதிய திருவிதாங்கூர் அரசுக் கையேடு. நாஞ்சில் நாட்டு ஊர் என்றால் அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளில் பெயர் வருகிறதா என்றும் பாருங்கள். பழைய எழுத்து வட்டெழுத்தாக இருக்கக்கூடும். வட்டெழுத்து தெரிந்தவர் இல்லாமல் ஊகித்துப் படித்த வாசகத்தை எங்கும் பயன்படுத்தாதீர்கள். எழுத்து தெரிய வேண்டுமென்று கல்வெட்டில் மாவு, சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் தேய்க்கக் கூடாது. மாலை நாலரை மணிக்குப் பக்கவாட்டு வெயிலில் போட்டோ எடுத்தாலே எழுத்து எழும்பி நிற்கும். வெயில் விழாத இடத்தில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள்.

அடிக்கடி தப்பு வரும் இடம் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. வீட்டு நிலைப்படியிலும் மண்டபத் தூணிலும் பத்திரத்திலும் இங்கே கொல்லம் ஆண்டுதான் இருக்கும். ஆங்கில ஆண்டுக்கு மாற்ற ‘825 கூட்டு’ என்று பொதுவாகச் சொல்வார்கள், அது வருடத்தின் ஒரு பகுதிக்குத்தான் சரி. கொல்லம் புத்தாண்டு பிறப்பது ஆவணியில், அதாவது ஆகஸ்ட் நடுவில். அங்கிருந்து டிசம்பர் 31 வரை வரும் தேதிகளுக்கு 824 கூட்ட வேண்டும். ஜனவரி 1 முதல் ஆகஸ்ட் நடு வரைக்கும் 825. எடுத்துக்காட்டாக, திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தின் தேதி கொல்லம் 1112 துலாம் 27. துலாம் என்பது நம் ஐப்பசி, புத்தாண்டுக்குப் பிறகு டிசம்பருக்குள் வருகிறது. 1112-உடன் 824 கூட்டினால் 1936. தேதி நவம்பர் 12. இங்கே 825 கூட்டியவர் 1937 என்று எழுதிவிடுவார். மாதம் தெரியாமல் ஆண்டு மட்டும் இருந்தால் ‘1936–37’ என்று இரண்டையும் போடுங்கள்.

வயதானவர்களிடம் பேசும்போது ‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் நம்ப முடியாது. மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு (1956 நவம்பர் 1) முன்னா பின்னா, 1992 வெள்ளத்துக்கு முன்னா பின்னா, சுனாமிக்கு, ஒக்கிப் புயலுக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். ‘பாட்டி, அப்போ உங்க மூத்த மகன் நடந்துட்டானா?’ என்று கேட்டாலும் சரியாக வரும். போனில் பதிவு செய்வதற்கு முன் கேட்டு அனுமதி வாங்கி, அந்த அனுமதியையும் பதிவிலேயே பேசவைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்பதைவிட, முடிந்தவர்களை அந்த இடத்துக்கே கூட்டிப் போனால் நினைவு இரட்டிப்பாக வரும். மடையின் பக்கத்தில் நின்றதும்தான் மடை திறக்கும் முறை, தண்ணீர்ப் பங்கு, அதற்காக நடந்த சண்டை எல்லாம் வெளியே வரும்.

சாலையோரத்துச் சின்னங்களை விட்டுவிடாதீர்கள், குறிப்பாகச் சுமைதாங்கியை. நிமிர்ந்த இரண்டு கல், அவற்றின் மேல் குறுக்காக ஒரு கல், அவ்வளவுதான். பக்கத்தில் போய் நின்று பாருங்கள்: மேற்கல் நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவில் வரும். தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் லேசாக முழங்காலை மடக்கிச் சுமையைக் கல்லுக்கு நகர்த்திவிடலாம், போகும்போது அதே மாதிரி தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். மேற்கல்லின் நடுப்பகுதி வழவழவென்று இருக்கும். சாக்கும் கடவமும் (பெரிய ஓலைக்கூடையும்) உரசி உரசி வந்த வழவழப்பு அது. வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக இதை நடுவது வழக்கம். சாலை அகலப்படுத்தும்போது முதலில் போவது இதுதான். உங்கள் வழியில் ஒன்று நிற்கிறதென்றால் அது கட்டாயம் ஒரு நிறுத்தமாக இருக்கட்டும். பிள்ளைகள் ஒவ்வொருவராக அதன்கீழ் நின்று உயரம் பார்க்கட்டும்.

5. வழியை அளந்து நடந்து பார்த்தல்

செல்போன் வரைபடத்தில் வரும் தூரம் சாலைக்குச் சரியாக இருக்கும். வரப்புக்கும் குளக்கரைக்கும் சந்துக்கும் இருக்காது. சைக்கிள் போதும். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஓட்டுபவர் மேலே உட்கார்ந்தபடி ஒரு முழுச் சுற்று உருட்டி, அந்த நீளத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். 26 இஞ்ச் சக்கரத்துக்கு ஏறத்தாழ 2.07 மீட்டர் வரும். பிறகு சுற்றுகளை எண்ணுவதுதான் வேலை. 100 சுற்று என்றால் 207 மீட்டர்.

வழியைக் குறைந்தது ஐந்து முறை நடக்க வேண்டும்: விடியற்காலை ஒருமுறை, பள்ளி விடும் நேரத்தில் ஒருமுறை, மழை பெய்த மறுநாள் ஒருமுறை, எழுபது வயதுக்காரர் ஒருவரோடு ஒருமுறை, தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாய் ஒருவரோடு ஒருமுறை. ஒவ்வொரு 100 மீட்டருக்கும் குறித்துக்கொள்ள வேண்டியவை: பாதையின் அகலம் (1.2 மீட்டருக்குக் குறைந்தால் இருவர் சேர்ந்து நடக்க முடியாது), மூடி இல்லாத ஓடை, நிழல், நாய், உட்கார இடம், வண்டி வேகம். நாகர்கோவில்–கன்னியாகுமரி சாலையைக் கடக்க நேர்ந்தால் ஒரே ஓர் இடத்தில்தான் கடக்க வேண்டும். இருபுறமும் கொடியோடு ஆள் நிற்க வேண்டும். அப்படி நிறுத்த ஆள் இல்லை என்றால் வழியையே மாற்றுங்கள்.

கழிப்பறை எங்கே என்று தொடக்கத்திலும் முடிவிலும் காட்ட முடியாத வழிக்குப் பெண்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள். பள்ளிக்கூடம், சமூகநலக் கூடம், தேவாலய வளாகம் எங்காவது சாவி வாங்கிவையுங்கள். இருபது பேருக்கு ஆளுக்கு அரை லிட்டர் என்றால் பத்து லிட்டர் தண்ணீர். ஒரு கேன் வாங்கி வழியின் நடுவில் ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டால் யாரும் சுமக்க வேண்டியதில்லை.

கோயிலுக்குள் போவதை நடையின் பகுதியாக வைக்காதீர்கள். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், கேமரா கூடாது, வரிசை எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. வேறு மதத்தவர் கூட்டத்தில் இருந்தால் அவர்கள் வெளியே தனித்து நிற்க நேரும். கோபுரத்தைத் தெருவில் நின்றே சொல்லுங்கள். தரிசனம் வேண்டியவர்கள் நடை முடிந்து போகட்டும். போகிறவர்களிடம் இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். ஆயிரம் விரல் தட்டினால் கல்லும் தேயும்.

6. அனுமதிகள்

ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் யார் பொறுப்பு என்று கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணோடு கேட்டுப் பட்டியல் போடுங்கள். தெரு என்றால் பேரூராட்சி அல்லது ஊராட்சி. பெரிய சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை. குளமும் சானலும் நீர்வளத் துறை. கோயில் நிலம் என்றால் இந்து சமய அறநிலையத் துறை. சுசீந்திரம்–தேரூர் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் தளமாக (உலகளவில் முக்கியமான ஈரநிலமாக) அறிவிக்கப்பட்டது, ஆகவே வனத்துறையிடமும் எழுத்தில் வாங்குங்கள். வட்டக்கோட்டை, சிதறால் போன்ற மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் எந்தக் கட்டுமானமும் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதியோடுதான். ஒரு கல் நடுவதற்கு முன்பும் கேட்டுவிடுங்கள்.

பேரூராட்சி என்றால் மன்றத் தீர்மானம் வேண்டும். ஊராட்சி என்றால் கிராம சபைத் தீர்மானம். கிராம சபை நவம்பர் 1-ஆம் தேதியும் கூடுகிறது, மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாளும் அதுவே. நல்ல நாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மனு இழுபட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, மனு எண்ணை வாங்கிவையுங்கள்.

வரப்பு வழியாகப் போவதானால் வயல்காரர் ஒவ்வொருவரிடமும் ஒரு தாளில் கையெழுத்து. ‘எப்போ வேணும்னாலும் போங்க’ என்று வாயால் சொன்னவர் நாற்று நட்ட வாரத்தில் இருபது பேரைப் பார்த்தால் மனம் மாறுவது இயற்கைதான். எந்த மாதங்களில் போகலாம் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

7. ஆறு மாதம் காகிதத்தில் ஓடட்டும்

முதல் ஆறு மாதம் எந்த இடத்திலும் எதையும் நடாதீர்கள். நடத்துபவர் கையில் லேமினேட் செய்த ஏ4 தாள்கள் எட்டு. மாதம் இரண்டு நடை. ஒவ்வொரு நடையிலும் எந்த இடத்தில் கேள்வி வந்தது, எந்த இடத்தில் மக்கள் செல்போனை எடுத்தார்கள், யார் ‘அது அப்படியில்ல’ என்று திருத்தினார் என்று பின்னால் வருபவர் எழுத வேண்டும். அந்த ‘அப்படியில்ல’ மிகப் பெரிய சொத்து. சொன்னவரை அடுத்த வாரமே வீட்டில் போய்ப் பாருங்கள்.

முதல் மூன்று நடைகளை வேறு வேறு கூட்டத்தோடு நடத்துங்கள்: ஊர்ப் பெரியவர்கள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், ஊரை முன்பின் அறியாத வெளியூர்க்காரர்கள். பெரியவர்கள் தவற்றைப் பிடிப்பார்கள். எங்கே சலிப்புத் தட்டுகிறது என்பதைப் பிள்ளைகள் காட்டிவிடுவார்கள். எது புரியவில்லை என்று கேட்க வெளியூர்க்காரர் வேண்டும்; ‘பத்து’ (வயல்பரப்பு), ‘மடை’, ‘சானல்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வதை அவருக்கு விளக்கியாக வேண்டும்.

பலகைக்கான வாசகமும் இந்த ஆறு மாதத்தில்தான் பழுக்கும். முதலில் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘வரலாற்றுச் சிறப்புமிக்க இப்புனிதத் தலம் பல்வேறு போராட்டங்களைக் கண்ட பெருமைக்குரியது.’ இதில் எந்த ஊரையும் பொருத்தலாம். நிற்பவரின் காலடியிலிருந்து தொடங்குங்கள்:

‘நீங்கள் நிற்கும் இந்தத் தெருவில் ஒரு காலத்தில் எல்லோரும் நடந்துவிட முடியாது. சாதியைச் சொல்லிப் பலரைத் தடுத்தார்கள். அந்தத் தடையை எதிர்த்து 1926-இல் இங்கே சத்தியாகிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் அரசர் சித்திரைத் திருநாள் வெளியிட்ட பிரகடனம் கோயிலையும் இந்துக்கள் அனைவருக்கும் திறந்தது. இங்கிருந்து கோபுர வாசல் வரை நடந்து பாருங்கள்.’

நாற்பது சொல்லில் அடங்கிவிட்டது. யாரையும் புகழவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. சாதி என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘சிலர் அனுமதிக்கப்படவில்லை’ என்று மழுப்பச் சொல்லும் குரல் குழுவில் கட்டாயம் வரும். அதற்கு இணங்காதீர்கள். ஏன் தடுத்தார்கள் என்று பிள்ளை கேட்கும்போது, பதில் கல்லிலேயே இருக்க வேண்டும்.

8. கல்

எட்டு இடத்துக்கும் கல் வேண்டாம். நான்கோ ஐந்தோ போதும், மற்றவை வாய்மொழி. ஃபிளெக்ஸ் இங்கத்து வெயிலில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும். இரும்புச் சட்டம் உப்புக் காற்றில் வெல்ட் வைத்த இடத்திலிருந்து துருவேறும். கடலோர ஊரென்றால் சாதாரண 304 எவர்சில்வரிலும் கறை பிடிக்கும், 316 வேண்டும். இதற்கெல்லாம் செலவழிப்பதைவிட, சிற்பத் தொழிலுக்குப் பேர்போன மயிலாடியில் கல்லுக்குச் சொல்லுங்கள். பணமும் மாவட்டத்திலேயே நிற்கும்.

இணைப்பே இல்லாத ஒற்றைக்கல், நடுகல்லைப் போல: அகலம் 45 செ.மீ., கனம் 8 செ.மீ., நீளம் 180 செ.மீ. இதில் 50 செ.மீ. மண்ணுக்குள், 130 செ.மீ. வெளியே. எடை ஏறத்தாழ 175 கிலோ வரும். இறக்க ஆறு பேரும் இரண்டு மூங்கிலும் கனமான கயிறும் வேண்டும். எழுத்து தரையிலிருந்து 65 செ.மீ.க்கும் 125 செ.மீ.க்கும் இடையில் இருக்கட்டும், பிள்ளைகளும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் படிக்கலாம். எழுத்து இருக்கும் பரப்பை மட்டும் மெருகேற்றச் சொல்லுங்கள், அதுவும் கண்ணாடி மாதிரி வேண்டாம். பளபளத்தால் காலை வெயிலில் படிக்க முடியாது.

எழுத்தின் உயரம் 12 மி.மீ.க்குக் குறையவே கூடாது, தலைப்புக்கு 30 மி.மீ. வெட்டு ஆழம் 2 முதல் 3 மி.மீ. சின்ன எழுத்தாக வெட்டினால் முதலில் கெடுவது புள்ளி. ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். கொம்பின் சுழி அடைந்துபோய் ‘கெ’யா ‘கே’யா என்று தெரியாது. இந்த அளவில் ஒரு வரிக்கு நாலு சொல், பதினெட்டு வரி, மொத்தம் எழுபது சொல்தான் பிடிக்கும். எனவே அறுபதுக்குள் நிறுத்துங்கள். வெட்டுவதற்கு முன் முழு அளவில் காகிதத்தில் அச்செடுத்துக் கல்லின் மேல் ஒட்டி, குழுவில் இல்லாத மூன்று பேரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஒற்றுப்பிழை, ஆண்டுப்பிழை எல்லாம் கண்ணைவிடக் காதுக்கு நன்றாகத் தெரியும். மூன்று பேரும் தாளின் அடியில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உளி தொட வேண்டும்.

கல்லில் தமிழ் மட்டும் போதும். மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வேண்டியவர்களுக்கு ஒலிப்பதிவு வைத்து, கல்லின் பக்கவாட்டில் க்யூஆர் கோடு பதியுங்கள். அரை மீட்டர் தள்ளி நின்று எடுக்க 5 செ.மீ. சதுரம் வேண்டும். கல் கனம் 8 செ.மீ. என்பதால் பக்கவாட்டில் பொருந்தும். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், சூளையில் சுட்ட பீங்கான் வில்லை பல வருடம் நிற்கும். இணைப்பு முகவரி ஊர்க்குழுவின் பெயரிலேயே இருக்கட்டும். தனியாளின் கணக்கில் இருந்தால் அவர் வேலைக்கு வளைகுடா போனதும் எல்லாக் கோடும் செத்துவிடும்.

நடும் முறை: 75 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 50 செ.மீ. ஆழத்தில் குழி. அடியை இடித்துக் கெட்டிப்படுத்தி, கல்லை நிறுத்தித் தூக்குக்குண்டு வைத்து இரண்டு பக்கமும் பார்த்து, நாலு பக்கமும் முட்டுக்கொடுங்கள். பிறகு 1:2:4 கலவை. ஒரு கல்லுக்கு ஒரு மூட்டை சிமெண்ட், அதே மூட்டை அளவில் இரண்டு பங்கு மணல், நாலு பங்கு முக்கால் இஞ்ச் ஜல்லி. குழிக்குச் சரியாக இருக்கும். கலவையின் மேற்பரப்பைத் தரையைவிட இரண்டு செ.மீ. உயர்த்திக் கல்லிலிருந்து வெளிப்புறமாகச் சரித்துவிட்டால் அடியில் தண்ணீர் தேங்காது. ஏழு நாள் ஈரச்சாக்குப் போட்டு நனையுங்கள். முட்டுகளைப் பத்தாம் நாளுக்கு முன் எடுக்காதீர்கள். யாராவது ஒருவர் சாய்ந்து நின்று பார்ப்பார், இறுகாத கலவை விட்டுக்கொடுத்துவிடும்.

நடக் கூடாத இடங்கள் மூன்று. குளக்கரையில் குழி தோண்டக் கூடாது. கரை மண்ணைக் கலைத்தால் கல்லை ஒட்டியே நீர் கசிய வழி உண்டாகும், கசிவுதான் பிறகு உடைப்பாகும். குளத்தைப் பற்றிய கல்லைக் கரைக்கு வரும் சாலை முனையில் நடுங்கள். வயல் வரப்பிலும் வேண்டாம். களிமண் நனைந்து உப்பி, காய்ந்து வெடித்து, இரண்டு பூவுக்குள் கல் சாய்ந்துவிடும். பழைய சுவரிலோ மண்டபத் தூணிலோ துளையிட்டு எதையும் மாட்டவே கூடாது.

9. சொல்பவர்கள்

ஒரு நடைக்கு மூன்று பேர்: முன்னால் நடப்பவர், கதை சொல்பவர், கடைசியில் வருபவர். இருபதுக்கு மேல் ஆள் சேர்ந்தால் இரண்டு கூட்டமாகப் பிரித்து அரை மணி இடைவெளியில் விடுங்கள். மைக் வேண்டாம், தெருக்காரர்களுக்கு அது தொல்லை. குளக்கரையில் நாமக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் அந்தச் சத்தத்தில் கோரைக்குள் போய்விடும், கூழைக்கடா எழுந்தே போய்விடும்.

சொல்பவர் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு செய்தி, ஒரு பொருள், ஒரு கேள்வி தெரிந்தால் போதும். சானல்கரையில்: செய்தி – இந்த நீர் பேச்சிப்பாறை அணை சேர்ந்த பாசனத்தில் வருகிறது, 1906-இல் அந்த அணை கட்டி முடிந்தது; பொருள் – மடைப்பலகை; கேள்வி – ‘கடைமடைக்காரர் தண்ணீர் வரவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வார்?’ பாசன விவசாயி கூட்டத்தில் இருந்தால் பதிலை அவரே சொல்லட்டும். அவர் சொல்லும்போது குறுக்கே பேசித் திருத்தாதீர்கள், திருத்தம் இருந்தால் நடை முடிந்து தனியாக.

சொல்பவர்களில் பாதிப் பேர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்களாக இருக்கட்டும். பயிற்சி ஆறு நடை: இரண்டு கேட்டு, இரண்டு பாதிப் பாதியாகச் சொல்லி, இரண்டு முழுதாகச் சொல்லி. ஆளுக்கொரு தொகை கொடுங்கள். ஊதியமில்லாத வேலையில் முதலில் விலகுபவர்கள் கூலிவேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள்தாம், அவர்கள் விலகினால் கதை மறுபடி ஒரு தெருவின் கைக்குப் போய்விடும்.

10. பராமரிப்பு

திரட்டும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் குழுவின் பெயரில் வங்கியில் போடுங்கள், இருவர் கையெழுத்தோடு. ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறும் தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்தால் போதும். ஆசிட், சோப்புத் தூள், கம்பி பிரஷ் கூடாது. எழுத்துக்குள் அடித்த பெயிண்ட் இரண்டு மூன்று வருடத்தில் உரியும், அப்போது பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே அடித்தால் புள்ளியெல்லாம் அடைந்துவிடும். சுரண்டி எடுத்துவிட்டு அடியுங்கள். மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும், இரண்டு மழைக்கும் முன்பாக, முழு வழியையும் நடந்து ஓடை மூடி, சாய்ந்த மரம், சரிந்த கரை எல்லாம் பார்த்து எழுதிவையுங்கள்.

வெட்டிய பிறகு ஒரு தவறு தெரியவந்தால் கல்லைச் சுரண்டித் திருத்தாதீர்கள், அசிங்கமாகிவிடும். ஒலிப்பதிவை அன்றே மாற்றுங்கள், சொல்பவர்களுக்குச் சொல்லுங்கள், நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஆண்டோ பெயரோ தவறென்றால் அந்தக் கல்லின் பின்பக்கத்தை மெருகேற்றி, சரியான வாசகத்தை வெட்டி, கல்லைத் திருப்பி நடுங்கள். அதற்காகத்தான் தொடக்கத்திலேயே 8 செ.மீ. கனம் கேட்டு வாங்க வேண்டும்.